பட்டைக் கலவை: சாடிக்குள் நடப்பது என்ன, நம் ஊரில் எதைப் போடலாம்?

சாடியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பும் மரப்பட்டைக் கலவையை நினைத்து, "பட்டைக் கலவை தாருங்கள்" என்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு பூங்கன்றுக் கடையில் கேட்டால் என்ன கைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பொச்சு மட்டையைத் துண்டு துண்டாக வெட்டி அடைத்த பை வரலாம். தும்புத்தூளும் மாட்டெருவும் கலந்த கறுப்புப் பை வரலாம். மரக்காலையில் அள்ளிய சீவலும் தூளும்கூட அந்தப் பெயரில் வரலாம். போதாததற்கு, பட்டை என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கறிக்குப் போடும் கறுவாப்பட்டை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். சாடிப் பயிர் பற்றி இணையத்தில் ஓடும் காணொளிகளில் பல அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்தவை. அங்கே பைன் மரப்பட்டை மர ஆலைகளின் கழிவு, எங்கும் கிடைக்கும். ஐந்து பங்கு பட்டை, ஒரு பங்கு பீட் (சதுப்பு நிலத்தில் பாதி உக்கிய பாசி), ஒரு பங்கு பெர்லைட் என்ற கணக்கு அந்த ஊர்த் தோட்டக்காரர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. அதை மனப்பாடம் செய்துகொண்டு இங்கே கடைக்குப் போனால் மூன்றில் ஒன்றுகூடச் சுலபமாக அகப்படாது.

அந்தக் கணக்கை விட்டுவிட்டு, பட்டை சாடிக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் வழி தெரியும். வேலை விளங்கினால், அதே வேலையைச் செய்ய நம் ஊரில் என்ன இருக்கிறது என்பதும் விளங்கும்.

சொற்கள் முதலில்

1. மரப்பட்டை: மரத்தின் வெளித்தோல். தோட்ட வேலைக்கு இதை நொறுக்கி, அரித்து, அளவு பிரிப்பார்கள். ஓர்கிட்டுக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட துண்டுகள். மற்றச் சாடிகளுக்கு 3 முதல் 10 மில்லிமீற்றர் வரையான நொறுக்கல்.

2. மரத்தூள், மரச்சீவல்: மரத்தின் உட்பகுதியிலிருந்து வருவது. பட்டையோடு இதைச் சேர்த்துப் பேசக்கூடாது. ஏன் என்று பின்னால் வரும்.

3. பொச்சுத் துண்டு: தேங்காயின் பொச்சு மட்டையைச் சதுரமாக வெட்டியது. மரப்பட்டை அல்ல, ஆனால் சாடிக்குள் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும்.

4. தும்புத்தூள்: பொச்சு மட்டையிலிருந்து தும்பை எடுத்த பிறகு உதிரும் சோறு போன்ற பொருள். செங்கல் வடிவில் அமுக்கியும் விற்கிறார்கள். நீரைப் பிடித்து வைக்கும் பொருள் இது. பீட்டின் இடத்தை நம் நாட்டில் நிரப்புவது இதுதான்.

5. பெர்லைட்: எரிமலைக் கண்ணாடிப் பாறையைச் சூடாக்கிப் பொரியாக்கிய வெள்ளை மணி. காற்றுக்காகப் போடுவது.

சாடி ஒரு சின்ன நிலம் அல்ல

இந்தப் பகுதிதான் முழு விசயத்தின் ஆணிவேர், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரு சோதனை. பாத்திரம் கழுவும் புதிய ஸ்பொஞ்ச் ஒன்றை நீரில் ஊறவைத்து, தட்டையாக உள்ளங்கையில் ஏந்துங்கள். சொட்டுவது நிற்கும்வரை பொறுங்கள். நின்றதும் அதே ஸ்பொஞ்சை நிமிர்த்தி, நீளவாட்டில் பிடியுங்கள். மறுபடி நீர் கொட்டும். யாரும் அதைப் பிழியவில்லை, புதிதாக நீரும் ஊற்றவில்லை. உயரம் கூடியதுதான் நடந்த ஒரே மாற்றம்.

நடந்தது இதுதான்:

1. நுண்ணிய துளைகளுக்குள் நீர் ஒட்டிக்கொள்ளும். துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும்.

2. புவியீர்ப்பு அந்த நீரைக் கீழே இழுக்கும். மேலே நிற்கும் நீர்த்தம்பம் உயரமாக இருந்தால் இழுப்பும் அதிகம்.

3. அடியில், இழுப்பும் பிடிப்பும் சமமாகும் ஓர் உயரம் வரை, நீர் வெளியேறாமல் நிற்கும். அந்த இடத்தில் துளைகள் முழுக்க நீர், காற்று இல்லை.

அடியில் நிற்கும் இந்த நனைந்த பகுதியைத் தேங்குமட்டம் என்று வைத்துக்கொள்வோம். இதன் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துகள் அளவு. சாடி பெரியதா சிறியதா என்பது அதை மாற்றாது. ஒரே கலவையை ஓரடி உயரச் சாடியிலும் அரையடி உயரச் சாடியிலும் நிரப்பினால் இரண்டிலும் தேங்குமட்டம் ஒரே உயரத்தில் நிற்கும். ஆனால் உயரச் சாடியில் அதற்கு மேலே வேருக்குக் காற்றுள்ள இடம் நிறைய இருக்கும். குட்டைச் சாடியில் பாதிக்குமேல் சேறாகிவிடும். தட்டைப் பாத்திரங்களில் கன்றுகள் சட்டென்று அழுகுவதற்குக் காரணம் இது.

நிலத்தில் இந்தத் தொல்லை இல்லாதது ஏன்? அங்கே நீர்த்தம்பம் அறுபடுவதில்லை, மண் மண்ணைத் தொட்டுக்கொண்டே கீழே போகிறது, கீழ் மண் மேல் மண்ணின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. சாடியில் அந்தத் தொடர்ச்சி அடித்துளையோடு முடிந்துவிடுகிறது. ஆகவே தோட்டத்தில் செழிக்கும் அதே மண் சாடிக்குள் போனதும் மூச்சு முட்டவைக்கிறது. வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயற்களியைச் சாடியில் போட்டால் ஈரத்தில் கொழகொழவென்று இறுகி, காய்ந்தால் கல்லாகும். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையின் கடற்கரை மணல் அப்படி இறுகாது. ஆனாலும் நுண்மணல் சாடியின் அடியில் தேங்குமட்டத்தை வைத்திருக்கும், மேலே ஒரு வெயிலுக்குக் காய்ந்துவிடும், பசளையைப் பிடித்தும் வைக்காது. பாரம் வேறு.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் தொட்டாக வேண்டும். சாடியின் அடியில் கல்லோ ஓட்டுத் துண்டோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று நம் எல்லோர் வீட்டிலும் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. நுண்ணிய கலவையிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது, கல்லின் மேற்பரப்பிலேயே தேங்குமட்டம் உட்கார்ந்துகொள்ளும். கல் அடைத்த உயரம் அளவுக்கு வேருக்கான இடம் குறைந்ததுதான் மிச்சம். துளை வழியே கலவை கொட்டாமலிருக்க ஒரு வலைத்துண்டு போதும்.

பட்டை இதற்குள் எங்கே வருகிறது

துகள் பெரிதானால் துளை பெரிதாகும், துளை பெரிதானால் பிடிப்பு தளரும், தேங்குமட்டம் தாழும். துகள்கள் ஏறத்தாழ 3 மில்லிமீற்றருக்கு மேல் போய்விட்டால் தேங்குமட்டம் பெரும்பாலும் இல்லாமலே போகும். அப்படியானால் வெறும் சல்லிக்கல்லைப் போட்டால் என்ன? போடலாம். ஆனால் கல் நீரை மேற்பரப்பில் மட்டும்தான் தாங்கும், பாரமும் அதிகம். பட்டை இலேசானது, அதன் உடம்புக்குள்ளும் நீர் ஊறும். துண்டுகளுக்கு இடையில் காற்று, துண்டுக்குள் ஈரம். இந்த இரட்டை வேலைதான் அதன் மதிப்பு.

அடுத்த கேள்வி, எவ்வளவு காலம் அது அப்படியே இருக்கும்? இங்கேதான் மரத்தூளும் பட்டையும் பிரிகின்றன. மரத்தின் உட்பகுதி பெரும்பாலும் செலுலோஸ், நுண்ணுயிர்களுக்கு அது சோறு மாதிரி. பட்டையில் லிக்னினும் மெழுகுத்தன்மையுள்ள பொருட்களும் அதிகம், அவற்றை உடைக்க நுண்ணுயிர்கள் படாத பாடு படவேண்டும். மரத்தூள் சில மாதங்களில் அமுங்கிச் சேறாகும். பைன் பட்டை குளிர்நாடுகளில் இரண்டு மூன்று வருடம் உருக்குலையாமல் நிற்கும். நம் வெப்பத்திலும் மாரி மழையிலும் அவ்வளவு காலத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால், 1930களில் இங்கிலாந்தின் ஜோன் இன்னஸ் நிலையம் ஏழு பங்கு நல்ல மண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு மணல் என்று ஒரு கலவையை வகுத்தது. 1950களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் மண்ணையே தூக்கிவிட்டு நுண்மணலும் பீட்டும் மட்டும் போட்டது. அதற்குப் பின் அமெரிக்க நாற்றுப்பண்ணைகள் மர ஆலைகளில் மலையாகக் குவிந்துகிடந்த பட்டைக்குத் திரும்பின. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பதமாக மக்கிய பட்டையில் வேரழுகல் பூஞ்சணங்கள் அடங்கியிருப்பதைக் காட்டியது பட்டையின் மதிப்பை இன்னும் உயர்த்தியது. கழிவைக் காசாக்கும் தேடலில் தொடங்கியதுதான் எல்லாம். இதை நினைவில் வைத்திருந்தால், பைன் பட்டைக்கு நாம் ஏங்கவேண்டிய அவசியமில்லை என்பது தெரியும். அவர்கள் ஊர்க் கழிவை அவர்கள் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

பட்டையின் குறைகள்

1. நைதரசன் பசி. நுண்ணுயிர்கள் காபனைத் தின்னும்போது, ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் தேவைப்படும். மரத்தூளில் அந்த விகிதம் நானூறுக்கு ஒன்று அளவில் இருக்கும். பற்றாக்குறையை அவை செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். பட்டையிலும் விகிதம் அகலம்தான், ஆனால் மெதுவாக உடைவதால் பசியும் மெதுவாகவே வரும். பச்சைப் பட்டையில் இது கூடுதல், மக்கிய பட்டையில் குறைவு.

2. புளிப்பு. பைன் பட்டையின் பீ.எச். பெறுமானம் 4 முதல் 5 வரை. பெரும்பாலான செடிகளுக்கு 5.5 முதல் 6.5 வரை வேண்டும். ஆகவே டொலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்ப்பார்கள், அதில் கல்சியமும் மகனீசியமும் கிடைப்பது கூடுதல் நன்மை.

3. நீரை விரட்டும் குணம். நன்றாகக் காய்ந்த பட்டை நீரை உள்ளே விடாது. ஊற்றிய நீர் சாடியின் ஓரத்தால் வழிந்து அடியில் வந்துவிடும், பார்ப்பவர் நனைந்துவிட்டது என்று நினைப்பார்.

4. தனின் முதலிய கசப்புச் சாறுகள். பச்சைப் பட்டையிலிருந்து தேநீர் நிறத்தில் இறங்கும் சாறு இளம் வேர்களைச் சுடும். நைலோன் வலை வருமுன் நம் மீனவர்கள் பருத்தி வலையைப் பட்டைச் சாறில் தோய்த்தது இதே தனினுக்காகத்தான். வலையை உக்கவிடாமல் காத்த பொருள் கன்றின் வேருக்கு நல்லது செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

நம் பக்கத்தில் எந்தப் பட்டை?

இலங்கையில் பைன் இல்லாமலில்லை. மலைநாட்டில் 1970களிலும் 80களிலும் கரிபியன் பைன் பெரும் பரப்பில் நடப்பட்டது. அந்தப் பட்டை நொறுக்கிப் பையில் வந்தால் வாங்கலாம், நல்ல பொருள். வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிப் பெட்டியில் ஒரு பை போட்டு வரச்சொல்வது மட்டும் வேண்டாம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மண்ணும் தாவரப் பொருட்களும் அனுமதியோடுதான் நாட்டுக்குள் வரலாம். அது வெறும் கடதாசி வேலை அல்ல, பட்டைக்குள் பூச்சியும் பூஞ்சணமும் ஒளிந்து வரும்.

நம் மரக்காலைகளில் கிடைப்பது தேக்கு, வேம்பு, மா, முதிரை போன்ற வன்மரப் பட்டை. வன்மரப் பட்டை பைனைவிட வேகமாக உடையும், மக்கும்போது அதன் பீ.எச். ஏறும், நைதரசன் பசியும் கடுமை. ஆகவே இதை ஒருபோதும் பச்சையாகப் போடக்கூடாது. யூக்கலிப்டஸ் பட்டை புதிதாக இருக்கும்போது செடிகளுக்கு நஞ்சு. கடற்கரையோரச் சவுக்கின் பட்டையில் தனின் மிக அதிகம். கண்டல் பட்டையை நினைக்கவே வேண்டாம்: உப்பு ஒருபுறம், வாவிக்கரைக் கண்டல்கள் பாதுகாக்கப்பட்டவை என்பது மறுபுறம். மருந்தடித்த பலகை, பெயின்ற் பூசிய பலகை, ஒட்டுப்பலகை ஆகியவற்றின் தூள் பட்டையோடு கலந்திருந்தால் அந்தக் குவியலையே தொடாதீர்கள்.

வன்மரப் பட்டையை மக்க வைப்பது இப்படி:

1. ஒரு சென்ரிமீற்றருக்கும் சிறிதாக நொறுக்குங்கள். கொத்திய துண்டுகளை மேசன்மார் மணல் அரிக்கும் அரிதட்டில் அரித்தால் போதும். பெரிய துண்டை ஓர்கிட்டுக்கு ஒதுக்குங்கள்.

2. முழுக்க நனையுங்கள். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும்.

3. நைதரசன் சேருங்கள். 200 லீற்றர் பீப்பாய் அளவுக்கு 250 முதல் 500 கிராம் யூரியா. யூரியா வேண்டாம் என்பவர்கள் பத்தில் ஒரு பங்கு கோழியெருவைச் சேர்க்கலாம், அப்போது மக்கும் காலம் கூடும்.

4. குவித்து மூடுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை கிளறுங்கள். நடுவில் கை வைக்க முடியாத சூடு வரவேண்டும். வராவிட்டால் ஈரமோ நைதரசனோ போதவில்லை.

5. மூன்று மாதம் அளவில் நிறம் கறுத்து, சூடு அடங்கி, மழை நனைத்த காட்டு மண் வாசம் வரும்.

குவியலை நேராக நிலத்தில் போடாதீர்கள். நம் வறண்ட வலயத்தில் கறையான் அதை மூன்று மாதம் விட்டுவைக்காது. சீமெந்துத் தரையிலோ தகரத்தின் மேலோ போடுங்கள்.

பட்டையே வேண்டாமென்றால்

இவ்வளவு வேலை எதற்கு என்று நினைத்தால் அது நியாயமான நினைப்பு. என் கருத்தில் மட்டக்களப்பு, அம்பாறை வீட்டுத் தோட்டக்காரருக்குப் பட்டை கட்டாயமில்லை. தென்னையும் நெல்லும் உள்ள ஊரில் பட்டையின் வேலையைச் செய்ய இரண்டு பொருட்கள் காலடியில் கிடக்கின்றன.

முதலாவது பொச்சுத் துண்டு. ஒன்று முதல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டியது பட்டைக்கு மிக நெருங்கிய மாற்று. நீரைப் பட்டையைவிட நன்றாகப் பிடிக்கும், காய்ந்தாலும் மறுபடி நனையும். ஆனால் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு: உப்பு. உவர்நீரில் ஊறவைத்த மட்டையில் சோடியமும் குளோரைட்டும் நிறைய ஏறியிருக்கும். நன்னீரில் ஊறிய மட்டையில்கூட இயல்பாகவே பொற்றாசியம் அதிகம். கயிறு திரிக்க வாவியோரம் புதைத்து ஊறவைத்த மட்டையின் தூளை நேரே சாடியில் போட்டால் மிளகாய்க் கன்றின் இலை நுனி ஒரு வாரத்தில் கருகும். மூன்று தடவை நன்னீரில் ஊறவைத்து, ஒவ்வொரு தடவையும் ஓர் இரவு விட்டு, நீரைக் கொட்டுங்கள். உப்புக் கிணற்று நீரில் கழுவுவது வீண்வேலை. மாரி மழையில் கூரைத் தண்ணீரைப் பிடித்துக் கழுவுவது உத்தமம். இன்னும் கவனமாகச் செய்ய விரும்புகிறவர்கள், கழுவியபின் லீற்றருக்கு 5 கிராம் அளவில் கல்சியம் நைத்திரேற்று கரைத்த நீரில் ஓர் இரவு போட்டு வடிக்கலாம். கழுவினால் மட்டும் போகாத சோடியத்தைக் கல்சியம் இடம்பெயர்த்துவிடும்.

இரண்டாவது உமி. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்க நெல் ஆலைகளில் அவித்த நெல்லின் உமி குவிந்துகிடக்கும். பெர்லைட்டுக்கு மாற்றாக அவித்த நெல்லுமியைப் பயன்படுத்துவது அமெரிக்க நாற்றுப்பண்ணைகளிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. உமியில் சிலிக்கா அதிகம், சீக்கிரம் உக்காது. அவித்த உமியில் நெல் முளைக்கும் தொல்லையும் குறைவு. கருக்கிய உமியும் இலேசு, காற்றுக்கு நல்லது. ஆனால் அது காரத்தன்மையுள்ளது, கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம். முழுக்க எரிந்து வெள்ளைச் சாம்பலானது இதற்கு உதவாது. கறுப்பாக, உமியின் உருவத்தோடு இருக்கவேண்டும்.

செங்கட்டித் துண்டும் மரக்கரியும் ஓர்கிட்காரர்களுக்குத் தெரிந்த பொருட்கள்தான்.

கலவைக் கணக்கு

எல்லாம் பருமனளவு, ஒரே வாளியால் அளந்தது.

காய்கறி, ரோஜா, செவ்வரத்தை: மக்கிய பட்டை அல்லது கழுவிய பொச்சுத் துண்டு நொறுக்கல் 3, கழுவிய தும்புத்தூள் 1, உமி அல்லது கருக்கிய உமி 1, நன்கு உக்கிய கூட்டெரு 1.

தேசி, கறிவேப்பிலை, கடதாசிப்பூ போன்று பல வருடம் சாடியில் நிற்பவை: பட்டை 4, செங்கட்டி நொறுக்கல் 2, தும்புத்தூள் 1. கூட்டெருவை மேலே தூவினால் போதும். நீண்டகாலச் சாடிக்குள் அதிகம் போட்டால் அது அமுங்கித் துளைகளை அடைக்கும்.

அந்தூரியம்: பெரிய பட்டை அல்லது பொச்சுத் துண்டு 3, கரி 1, கருக்கிய உமி 1.

வண்டா, டென்ட்ரோபியம் ஓர்கிட்: பெரிய துண்டுகளும் கரியும் மட்டும். தூள் எதுவும் வேண்டாம்.

பைன் பட்டை போட்டால் 10 லீற்றர் கலவைக்கு 30 முதல் 40 கிராம் டொலமைட் சேருங்கள். கிணற்று நீர் காரமாக இருந்தால், கரையோரத்தில் அப்படித்தான் பல கிணறுகள், பாதியே போதும். மக்கிய வன்மரப் பட்டைக்கும் கருக்கிய உமி சேர்த்த கலவைக்கும் டொலமைட் தேவையில்லை.

வாங்குமுன், நிரப்புமுன்

பையைத் திறந்து மணந்து பாருங்கள். காட்டு மண் வாசம் என்றால் சரி. வினாகிரி போலப் புளித்த வாசமோ அழுகிய முட்டை வாசமோ வந்தால் உள்ளே காற்றில்லாமல் புளித்திருக்கிறது. அதைப் பரப்பி ஒரு வாரம் ஆறவிடாமல் பாவிக்கக்கூடாது. வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது உக்கவைக்கும் கூட்டாளி. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்புங்கள். பாதிக்குமேல் மா போன்ற தூள் என்றால், உறையில் என்ன எழுதியிருந்தாலும் அது பட்டைக் கலவையின் வேலையைச் செய்யாது.

நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க நனைத்த கலவையில் பத்துப் பயறு போடுங்கள், வெறும் மணலில் இன்னும் பத்து. நாலைந்து நாளில் இரண்டையும் ஒப்பிட்டால் வேரே சொல்லிவிடும்.

காற்றிடத்தை அளக்கும் சோதனை இன்னும் பயனுள்ளது:

1. சாடியின் உயரத்துக்குக் கிட்டிய ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டுங்கள். அடியில் மூன்று துளை இட்டு, நாடா ஒட்டி அடையுங்கள். விளிம்புவரை எத்தனை மில்லிலீற்றர் நீர் கொள்ளும் என்று அளந்து குறியுங்கள்.

2. முதல்நாளே நனைத்து வைத்த கலவையை இரண்டு தட்டுத் தட்டி, விளிம்புவரை நிரப்புங்கள்.

3. கலவையின் மேல் நீர் மினுங்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள். அரைமணி நேரம் விட்டு, தேவையானால் மறுபடி ஊற்றுங்கள்.

4. நாடாவை எடுத்து, வடியும் நீர் முழுவதையும் பிடித்து அளங்கள்.

5. வடிந்த நீரைப் போத்தலின் கொள்ளளவால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 1000 மில்லிலீற்றர் போத்தலில் 180 வடிந்தால் காற்றிடம் 18 சதவீதம்.

பூக்கும் செடி, காய்கறிக்கு 15 முதல் 25 சதவீதம் நல்லது. பத்துக்குக் கீழே என்றால் மாரியில் வேர் அழுகும். முப்பதைத் தாண்டினால், வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் நாளைக்கு இருமுறை நீரூற்றத் தயாராக இருங்கள். ஓர்கிட்டுக்கு நாற்பதும் சரி.

பாவிக்கும் விதம்

நடுவதற்கு முதல்நாள் கலவையை நனைத்து மூடிவையுங்கள். காய்ந்து நீரை விரட்டும் பட்டையானால் இளஞ்சூட்டு நீர் ஊற்றலாம். கன்றை வைக்கும்போது பழைய களிமண் கட்டியை வேரிலிருந்து முடிந்தவரை உதிர்த்துவிடுங்கள். களிக்கட்டியை அப்படியே பட்டைக்குள் வைத்தால், சுற்றியுள்ள கலவை நீரை வடிக்க, கட்டி தனியே காயும் அல்லது தனியே அழுகும். சாடியைத் தரையில் தட்டிக் குடியமர்த்தினால் போதும், கையால் அமுக்கவேண்டாம். காற்றுக்காகப் பட்டையைத் தேடிவிட்டு அந்தக் காற்றையே அமுக்கி வெளியேற்றுவது வேடிக்கை.

நீர் ஊற்றும் வழக்கத்தை மாற்றவேண்டும். மண் சாடிக்குப் பழகியவர்கள் மேலே ஈரம் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். பட்டைக் கலவைக்கு அடியால் வழியும்வரை ஊற்றவேண்டும். ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது வெளியேறினால்தான் சேர்ந்த உப்பும் கூடவே போகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் கிணறுகள் எப்படி உவர்த்தன என்பது இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அலை வராமலே, அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் கரையோரக் கிணறு உவர்க்கும். அப்படிப்பட்ட நீரைப் பாவிப்பவருக்கு நன்றாக வடியும் கலவை செய்யும் பெரிய உதவி, உப்பைக் கழுவ இடம் கொடுப்பது. வழிந்த நீரைத் தட்டத்தில் தேங்கவிடாதீர்கள். சாடியின் அடி மறுபடி உப்பை உறிஞ்சும், நுளம்பும் பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் தண்டமும் கட்டவேண்டி வரலாம்.

கச்சான் அடிக்கும் மாதங்களில் காலையில் முழு நீர், மாலையில் தேவை பார்த்து. கறுப்புப் பையிலோ கறுப்புச் சாடியிலோ வெயில் நேரே பட்டால் ஓரத்து வேர் வெந்துவிடும், மேற்குப் பக்கத்தை மறையுங்கள். காத்தான்குடி போல வீட்டோடு வீடு ஒட்டிய இடங்களில் மொட்டை மாடிதான் தோட்டம். அங்கே காற்று இன்னும் உலர்த்தும், ஆகவே தும்புத்தூளை ஒரு பங்கு கூட்டுங்கள். மாரி தொடங்குமுன், ஒக்டோபர் அளவில், சாடிகளைச் செங்கட்டி மேல் தூக்கி வையுங்கள். துளை அடைபடாது, கறையானும் ஏறாது.

பசளை விசயத்தில் ஒரு பேச்சு: பட்டையில் உணவு இல்லை. கூட்டெரு தருவதும் சில வாரங்களுக்குத்தான். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்த காலத்திலிருந்து சேதனமா இரசாயனமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம், தடை அந்த ஆண்டு நவம்பரிலேயே தளர்ந்த பிறகும். சாடிச் செடிக்கு அந்தக் கட்சி பொருந்தாது. வாரம் ஒருமுறை அல்பேர்ட் கலவை (நீரில் கரைக்கும் இரசாயனப் பசளை) லீற்றருக்கு ஒரு கிராம், இலை வெளுத்தால் இரண்டாம் வாரமே அரை அளவு கூடுதல். சேதனத்தில் மட்டும் நிற்பவர்கள் மீன் கழிவுக் கரைசலை நன்றாக ஐதாக்கிப் பாவிக்கலாம், ஆனால் உப்பு மீனின் கழிவு வேண்டாம்.

எப்போது மாற்றுவது

கலவை அமுங்கியிருக்கிறதா என்று பார்ப்பதே வழி. நட்ட நாளில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே இருந்தது நாலு விரலுக்குப் போனால், ஊற்றிய நீர் மேலே நின்று தயங்கினால், துண்டுகள் நசுங்கி மாவாகினால், மாற்றும் நேரம் வந்துவிட்டது. பொச்சுத் துண்டு, வன்மரப் பட்டை இரண்டையும் வருடம் ஒருமுறை இப்படிச் சோதியுங்கள். மாற்ற உகந்த காலம் பெப்ரவரி, மார்ச்: மழை ஓய்ந்திருக்கும், கச்சான் இன்னும் தொடங்கியிராது, வெட்டுண்ட வேருக்கு ஆற நேரம் கிடைக்கும்.

கொட்டிய பழைய கலவையை அரிதட்டில் போட்டு அரியுங்கள். மேலே நிற்கும் துண்டு மறுபடி சாடிக்கு, பாதிக்குப் பாதி புதியதோடு. கீழே விழும் தூளை வாழைக்கோ முருங்கைக்கோ அடியில் போடுங்கள், கடற்கரை மணலுக்கு அதைவிடப் பொருத்தமான தீனி கிடைக்காது. வேர் அழுகிச் செத்த சாடியின் கலவையை மட்டும் அரிக்காமல், கறுப்புப் பொலித்தீனில் கட்டி நாலு வாரம் வெயிலில் போட்டுவிட்டு, வாழைக்கே கொடுங்கள்.